சேவல் வழக்கில் நான் துப்புத் துலக்கியது

எதையும் எண்ணி வைத்துக்கொண்டால் எதுவும் தொலையாது என்பது என் கொள்கை. அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் களஞ்சியத்தில் முப்பத்தோராண்டு சாவி வைத்திருந்தவனுக்கு வேறு என்ன கொள்கை இருக்க முடியும்? ஓய்வு பெற்ற பிறகு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழக்கத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. பதுளை பஸ் நிலையத்தில் நின்றால் பஸ்ஸின் ஜன்னல்களை எண்ணுவேன். கோயிலில் நின்றால் விளக்குகளை எண்ணுவேன். (கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரின் வடையை எண்ணியதும் உண்டு. அவருக்கு என்னைவிட ஒன்று கூட.)

இந்தப் பழக்கத்தோடு துப்பறியும் ஆசையும் சேர்ந்தால் ஒரு மனிதன் ஊருக்கு எவ்வளவு ஆபத்தானவனாகிறான் என்பதற்கு நானே சாட்சி. எங்கள் தெருவில் வீடு வீடாகச் செருப்புகள் காணாமல் போனபோது, கடைசி வீட்டு நாய் அவற்றை வாழை மரத்தடியில் புதைத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவன் நான். என் மனைவி பாக்கியம் அந்தச் சாதனையை இப்படித்தான் சொல்வாள்: “நாயி வாயில செருப்போட போறதப் பாத்தாரு. அதுக்குப் பேரு கண்டுபிடிப்பாம்.” ஆனாலும் தெருவில் இரண்டு பேர் என்னை சி.ஐ.டி. என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்த இரண்டு பேர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எங்கள் ஒரே மகள் வசந்தியின் கணவர் சிவராஜ் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வெளிக்கள உத்தியோகத்தராக மாற்றலாகிப் போயிருந்தார். பழைய பேச்சில் சொன்னால் கணக்கப்பிள்ளை. அவர்களுடைய குவாட்டஸில் ஒரு வாரம் தங்கிவரப் போனோம். வாசலில் நின்றால் நேர் எதிரே மலைத்தொடர். ஒன்பது சிகரங்கள் இருப்பதால்தான் சிங்களத்தில் நமுனுகுல என்று பெயர் என்கிறார்கள். நான் எண்ணும்போதெல்லாம் ஒரு நாள் எட்டு வரும், ஒரு நாள் பத்து வரும். மேகம் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்து காட்டும். மூன்று காலையும் எண்ணித் தோற்று, கணக்கு உதைக்கிறதே என்ற கவலையில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அந்த வாரம்தான் ஐந்தாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்க இருந்தது. வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். வெட்டுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். கையில் இருப்பது சவரக்கத்திபோல் கூர்மையான வளைந்த கத்தி. அந்தக் கத்தி செடியை விட்டு முழங்காலுக்குத் திரும்பாமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் கவ்வாத்துச்சாமிக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டும். மலையடிவாரத்து அத்தி மரத்தின் கீழே குங்குமம் பூசிய ஒரு கல்லும் ஒரு சூலமும், அவ்வளவுதான் சாமி. சேவல் இல்லாமல் ஒருவரும் கத்தியைத் தொடமாட்டார்கள்.

சிவராஜின் பொறுப்பில் நடக்கும் முதல் கவ்வாத்து அது. குறித்த நாளில் தொடங்கியே ஆக வேண்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். தொடங்கினால், மேலே துரையும் கீழே தொழிலாளர்களும் மாப்பிள்ளையை மனிதராக மதிப்பார்கள். தவறினால் இரண்டு பக்கமும் போய்விடும். பாவம், முந்தின நாள் முழுக்க அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு மலை, அவருக்குச் சேவல்.

அன்று சாயங்காலம் சேவல் வந்தது. கவ்வாத்துக்காரர்களுக்கெல்லாம் மூத்தவரான காளிமுத்து அதைக் கையில் ஏந்தி வந்தார். குஞ்சிலிருந்து அவரே வளர்த்தது. பூசைக்கு முன் ஒரு ராத்திரி கணக்கப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, காலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நெருப்பைத் தலையில் வைத்ததுபோல் கொண்டை. வெயில் பட்ட இடத்தில் வால் பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை. என் வாழ்நாளில் துரைமார் பலருக்கு எழுந்து நின்றிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சேவலுக்கு எழுந்து நின்றேன். அது என்னை ஒரு கண்ணால் பார்த்தது. களஞ்சியத்தில் குறை கண்டுபிடிக்க வந்த கணக்காய்வாளர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

காளிமுத்து அதைப் பின்பக்கம் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி, மேலே ஒரு பெரிய கல்லை வைத்தார். “ராசா, சமத்தா இரு” என்றார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அந்த ‘திரும்பிப் பார்க்காமல்’ என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். (துப்பறிகிறவன் எதையும் விடக்கூடாது.)

பஞ்சாரம் இருந்தது நாங்கள் படுத்த அறையின் ஜன்னலுக்குக் கீழே. விடிவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே ராசா ஆரம்பித்தது. சாதாரணக் கூவல் இல்லை. மலையில் போய் மோதித் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டுகிற கூவல். நான் எண்ணினேன். மனதுக்குள் எண்ணியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. வாய்விட்டு எண்ணினேன். “பதினாறு” என்றேன். “பதினேழு” என்றேன். பாக்கியம் எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் கூவல் தூரப் போய், பிறகு நின்றே போனது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வசந்தியின் குரல்தான் எழுப்பியது. சேவலைக் காணவில்லை. சிவராஜ் அதற்குள் பெரட்டுக்களத்துக்கு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போயிருந்தார். வசந்தி அழுகிற நிலையில் இருந்தாள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

இடத்தைப் பரிசோதித்தேன். கல் ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது. பஞ்சாரமோ வீட்டுத் தோட்டத்தின் கடைசியில், தேயிலைச் செடிகளை ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் இடையில் நடந்தேன்.

“திருடன் கல்லை எறக்கி வச்சிட்டு, பஞ்சாரத்தோட தூக்கிட்டுப் போயிருக்கான்” என்று அறிவித்தேன். “வீட்டப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆளு.”

பாக்கியம் பக்கத்தில் வந்து, “என்னாங்க, அது வந்து...” என்றாள்.

“குறுக்க பேசாத பாக்கியம். மனசுல கணக்கு ஓடுது.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பழக்கத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. கலியாணமாகி ஆறு வருஷமாக, “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னு கேளுங்க” என்று கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம்தான் சொல்வாள். வசந்தியிடம் சொல்லலாமென்றால், அவள் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். ஆக, பாக்கியத்திடமிருந்து ஒரு செய்தி வெளியே போவதற்கு இருந்த ஒரே வழி நான்தான். அந்த வழியில் நானே குறுக்கே நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒரு கையில் அரிசியை வைத்துக்கொண்டு “பா, பா” என்று மரக்கறிப் பாத்திகளுக்குள் தேடப் போனதைப் பார்த்து, கிழவிக்கு இந்த நேரத்திலும் கோழி வளர்க்கிற ஆசை என்று நினைத்தேன்.

அப்போதுதான் அடுத்த குவாட்டஸிலிருந்து மசாலா வாசனை வந்தது. இறைச்சி மசாலா. காலை ஆறரை மணிக்கு!

அது தோட்டத்து கிளாக்கரின் வீடு. போன வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கிளாக்கரின் மனைவி, “வாங்க ஐயா, உக்காருங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் அடுப்படிக்குள் போய், சட்டியின் மூடியைத் தூக்கினேன். ஆவி என் மூக்குக் கண்ணாடியை மூடியது. துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பழுப்பாக, சதுரம் சதுரமாக ஏதோ மிதந்தது.

அந்த அம்மா என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “சோயாங்க ஐயா. மாசக் கடைசி.”

நான் மூடியை வைத்தேன். என்ன சொல்லி வெளியே வருவது என்று தெரியாமல், “உப்பு சரியா இருக்கு” என்றேன். (ருசி பார்க்கவே இல்லை.)

ஒரு தோல்வியில் சோர்ந்தால் அவன் என்ன சி.ஐ.டி.? நேராக ஐந்தாம் நம்பர் மலைக்கு நடந்தேன். சேவல் கொண்டுவர வீட்டுக்குப் புறப்பட்ட சிவராஜ் வழியிலேயே என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போனது. “மாமா, இப்ப என்ன செய்யிறது?” என்றார். “கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றேன். அந்தக் காலையில் அவருக்கு நேர்ந்த மிகப் பெரிய துன்பம் அதுதான்.

அத்தி மரத்தின் கீழே எல்லாம் தயாராக இருந்தது. கல்லுக்கு முன்னால் வாழை இலை, தேங்காய், கற்பூரம். அதற்கு முன்னால் முப்பத்தெட்டுக் கவ்வாத்துக் கத்திகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் இட்டு. தப்படிக்கிற இருவர் தப்பின் தோலை அனலில் காய்ச்சுவதற்குச் சருகு கூட்டி வைத்திருந்தார்கள். சேவல் வந்ததும் தீ மூட்டுவதாக இருந்தது. காளிமுத்து தனியாக நின்றார். கண் சிவந்திருந்தது. அவருடைய கம்பளிச் சட்டையில் ஒரு சிவப்பு இறகு ஒட்டியிருந்தது. வேட்டி மடிப்பு புடைத்திருந்தது.

என் மூளையில் எல்லாம் ஒன்று சேர்ந்தன. திரும்பிப் பார்க்காமல் போனது. சிவந்த கண். இறகு.

“காளிமுத்து, மடியில என்னா?” என்று கேட்டேன்.

அவர் அவிழ்த்துக் காட்டினார். அரிசி.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடுவேனா? வளர்த்த பாசம் கண்ணை மறைக்கும் என்றும், சேவலை ஒளித்துவைத்து அதற்குத் தீனி கொண்டுபோகும் மனிதனின் மடியில்தான் அரிசி இருக்கும் என்றும், மனம் ஒப்பித் திருப்பிக் கொடுத்தால் யாரும் குற்றமாக எடுக்கமாட்டார்கள் என்றும், கூட்டத்துக்கு முன்னால் சத்தமாக விளக்கினேன். ஓய்வுபெற்ற நாளில் நான் ஆற்றிய உரைகூட அவ்வளவு கோர்வையாக அமையவில்லை.

காளிமுத்து கேட்டு முடித்தார். “சாமிக்கு நேந்தத நான் திருடுவேனுங்களா ஐயா?” என்றார். குரல் உயரவில்லை. பிறகு குனிந்து, வரிசையின் முதலில் இருந்த தன் கத்தியை எடுத்தார். அதிலிருந்த பொட்டைத் தலைத்துண்டால் துடைத்தார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அடுத்தவர் குனிந்து தன் கத்தியை எடுத்தார். அதற்கடுத்தவர் எடுத்தார். கத்தி வரிசை ஒரு முனையிலிருந்து அழிந்துகொண்டே வந்தது. முப்பத்தைந்து, முப்பத்து நான்கு என்று என் பாழாய்ப்போன மனம் எண்ணியது. சேவல் ஒன்று தொலைந்த இடத்தில் ஒரு மலையின் வேலையையே தொலைத்துக்கொண்டிருந்தேன். சிவராஜைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“தம்பி.”

பின்னால் பாக்கியத்தின் குரல். வசந்தியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். தலையில் முக்காடு. ஆனால் பார்வை நேராக மாப்பிள்ளையின் முகத்தில். ஆறு வருஷத்தில் முதல் முறை.

“தம்பி, நாந்தான். கூவுதுன்னு இந்த மனுசன் தூங்க விடாம எண்ணிக்கிட்டே இருந்தாரு. கல்லத் தள்ளிட்டு, சேவல இடுக்கிக்கிட்டு, பஞ்சாரத்த வீட்டுத் தோட்டக் கடைசில கொண்டுபோய்க் கவுத்தேன். கல்ல அம்புட்டுத் தூரம் தூக்க முடியல, அதான் பஞ்சாரத்தச் சாச்சிட்டுப் போயிருச்சு. அந்தப் பெரியவரு மேல எந்தத் தப்பும் இல்ல.”

நடந்து போனவர்கள் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளக்காதா என்று எழுதுவார்களே, அப்படி நான் நினைக்கவில்லை. மேகமாவது கொஞ்சம் இறங்கி என்னை மூடக்கூடாதா என்று நினைத்தேன்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. மிக உயரத்திலிருந்து, மலையில் மோதித் திரும்புகிற அதே கூவல்.

“நம்ம ராசா” என்றார் காளிமுத்து.

தேங்காய், செம்பு, கத்திகளோடு எல்லோரும் மேலே ஏறினார்கள். நானும் ஏறினேன். பாதி வழியில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இடுப்பளவு விழுந்தேன். தூக்கிவிட ஒரு கை நீண்டது. பிடித்து எழுந்த பிறகுதான் அது காளிமுத்துவின் கை என்று தெரிந்தது. அவர் கையை விட்டுவிட்டு மேலே நடந்தார். பின்னாலேயே நானும்.

மலைமேல் ஒரு மொட்டைப் பாறை இருந்தது. அதன் விளிம்பில் ராசா நின்றது. அப்போதுதான் மேகம் விலகி வெயில் அதன்மேல் விழுந்தது. அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்தது: மடிப்பு மடிப்பாகத் தேயிலை, லயத்துக் கூரைகள், எங்கோ வெள்ளைக் கோடாக ஓர் அருவி, அதற்கும் அப்பால் நீலமாக மலைகள். நடுவே நெருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சேவல். ஓடவில்லை. எங்களுக்காகக் காத்திருந்ததுபோல் நின்றது. நாற்பது சொச்சம் பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். சிலர் தாமாகவே கைகூப்பினார்கள்.

காளிமுத்து அதை எடுக்கக் குனிந்தவர், அப்படியே நின்று கீழே பார்த்தார். “யாரும் சத்தம் போடாதீங்க” என்றார் மெல்ல.

பாறையிலிருந்து பார்த்தால் அத்தி மரத்தின் உச்சி நேர் கீழே தெரிந்தது. அடியில் நின்றால் இலை மறைக்கும் இடத்தில், கிளைக் கவட்டில், பெரிய சோற்றுப் பானையளவில் கறுப்பாக ஒன்று தொங்கியது. அது கறுப்பாக இருந்ததற்குக் காரணம், அதன்மேல் அசைந்துகொண்டிருந்தவை. குளவிக்கூடு.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் இல்லாத லயம் இருக்காது. திரும்பி வராதவர்களும் உண்டு. அந்த மரத்தடியில்தான் சருகு கூட்டி வைத்திருந்தது. அந்தப் புகையும் தப்புச் சத்தமும் நேராக மேலே போயிருக்கும். எத்தனை பேர் அங்கே நின்றிருப்பார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். சிவராஜ் ஒன்று. காளிமுத்து இரண்டு. அதற்குமேல் எண்ண வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கைப் பாதியில் விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சேவலின் உயிரைக் கேட்க ஒருவருக்கும் மனம் இல்லை. ஆனாலும் நேர்ந்தது நேர்ந்தது. சாமியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். தண்ணீர் தெளித்தால் சேவல் தலையை உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். காளிமுத்து செம்பிலிருந்து தெளித்தார். ராசா உதறவில்லை. மறுபடி தெளித்தார். உதறவில்லை. மூன்றாவது முறை செம்பு சரிந்து பாதித் தண்ணீர் அதன் தலையிலேயே கொட்டியது. நனைந்த கோழி உதறாமல் இருந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஓர் இறகுகூட அசையாமல், அது பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது.

குளிரில் விறைத்திருக்கும், களைத்திருக்கும் என்று பிறகு எனக்கு நானே பல விளக்கம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

“சாமிக்கு வேணாமாம்” என்றார் காளிமுத்து. சொல்லிவிட்டு அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பாறையிலேயே தேங்காய் உடைத்தார்கள். சிவராஜ் துரைக்குத் தொலைபேசியில் சொல்லி, கூட்டை அகற்றும்வரை கீழ்ப்பக்கம் யாரும் போவதில்லை என்றும், கவ்வாத்தை மேலிருந்து தொடங்குவதென்றும் முடிவாகியது. முதல் செடியைக் காளிமுத்து வெட்டினார். குறித்த நாளிலேயே வெட்டினார். மாப்பிள்ளை அப்போதுதான் சிரித்தார்.

மன்னிப்புக் கேட்க அவரிடம் போனேன். உடம்பெல்லாம் சேறு. அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஐயா, ஒன்னு கேக்கலாங்களா? நேத்து பூராவும் இத எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் ஓடிறலாமான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேனுங்க. செய்யல. கடைசியா ஒரு வாய் குடுக்கத்தான் அரிசி கொண்டாந்தேன். ஆனா மனசுல இருந்தது ஒங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?”

என் துப்பறியும் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது. வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். (இதை எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். “எழுதுங்க ஐயா, சாமிக்குத் தெரியாததா” என்றார். ராசா அவர் வீட்டில் இருக்கிறது. இப்போதும் என்னை ஒரு கண்ணால்தான் பார்க்கிறது.)

மலையை நான் அதன்பின் எண்ணுவதில்லை. மகள் வீட்டுக்குப் போனால் வாசலில் நாற்காலியைப் போட்டு சும்மா பார்ப்பேன்.

அன்று உடைந்த மாமியார்-மருமகன் மௌனம் உடைந்ததுதான். இப்போது பாக்கியமும் சிவராஜும் தினமும் தொலைபேசியில் பேசுகிறார்கள். பேச்சின் பொருள் பெரும்பாலும் நான்தான். போன வாரம் என் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. அலமாரி, மேசை, தலையணைக்கடி என்று நான் ஒழுங்காகத் தேடிக்கொண்டிருந்தேன். பாக்கியம் தொலைபேசியை எடுத்தாள்.

“தம்பி, ஒங்க மாமா கண்ணாடியத் தேட ஆரம்பிச்சிட்டாரு” என்றாள். “எதுக்கும் கிளாக்கரய்யா வீட்டுல சொல்லி, சோயாச் சட்டிய மூடி மேல ஒரு கல்ல வைக்கச் சொல்லுங்க.”